எம்ஜிபி ஜிடியில் ஏசி: கண்டென்சருக்கு இடம் தேடியது

பெரியப்பாவின் காரில் ஏசி போட்டே ஆக வேண்டும் என்று நான் முடிவெடுத்தது பெரியம்மாவுக்காக. 78 வயது. அந்தக் காரில் போவது அவருக்கு இன்னும் பிடிக்கும், ஆனால் பங்குனி பிறந்துவிட்டால் குருசுக்குப்பத்திலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அக்கா வீடு வரைக்கும் அதில் உட்கார்ந்து வர முடியவில்லை. கார் 1968 மாடல் எம்ஜிபி ஜிடி, இங்கிலாந்தில் செய்தது. இரண்டு கதவு, 1798 சிசி இன்ஜின், பின்னால் சாய்ந்து இறங்கும் பெரிய கண்ணாடி. அந்தக் கண்ணாடி வழியாக வெயில் நேராக முதுகில் விழும், கீழே கியர்பாக்ஸ் சூடு காலைச் சுடும். குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்காகச் செய்த கார், அதில் ஹீட்டருக்கு இடம் இருக்கிறது, ஏசிக்கு எங்கேயும் இடம் விடவில்லை.

கம்ப்ரசர், கூலிங் காயில் இரண்டையும் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. சாண்டன் 508 வகை கம்ப்ரசர், அதற்கு லேத்தில் ஒரு பிராக்கெட், டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் சின்ன கூலிங் காயில் பெட்டி, எல்லாம் பத்து நாளில் முடிந்த வேலை. கண்டென்சரை எங்கே வைப்பது என்பதுதான் ஒன்றரை வருடம் இழுத்தது. பழைய கார் வைத்திருக்கிற யாராவது இதே யோசனையில் இருந்தால், நான் போன சுற்றுவழியில் போகாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கண்டென்சர் செய்கிற வேலை எளிது. காருக்குள்ளே இருக்கிற சூட்டை கேஸ் சுமந்துகொண்டு வரும், அதை வெளிக்காற்றில் இறக்கிவிட வேண்டும். ஒரு டன் ஏசி என்றால் உள்ளேயிருந்து எடுக்கிற சூடு 3.5 கிலோவாட், கம்ப்ரசர் அமுக்குவதில் சேருகிற சூடு தனி, ஆக 5 கிலோவாட்டுக்குப் பக்கத்தில் அந்த ஒரு தகட்டு வலையிலிருந்து காற்றுக்குப் போக வேண்டும். சூடு போகவில்லை என்றால் கேஸ் திரவமாக மாறாது, பிரஷர் ஏறிக்கொண்டே போகும். ஆர்134ஏ கேஸ் 50 டிகிரியில் திரவமாக 175 பிஎஸ்ஐ போதும், 60 டிகிரியில் 230 வேண்டும், 70 டிகிரி என்றால் 290ஐத் தாண்டும். இந்த மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதி பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்தோம், கேஜைப் பார்த்தாலே கண்டென்சர் என்ன சூட்டில் திணறுகிறது என்று தெரிந்துவிடும்.

எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. காரின் தகட்டை வெட்டக் கூடாது, புது ஓட்டை போடக் கூடாது. பெரியப்பா அந்தக் காரை 40 வருடம் ஒரு கீறல் இல்லாமல் வைத்திருந்தார். நாளைக்கு யாராவது ஏசியைக் கழற்ற நினைத்தால் ஸ்பேனர் மட்டும் போதும் என்கிற மாதிரி இருக்க வேண்டும்.

அந்தப் பிடிவாதத்தோடு முதலில் எடுத்த முடிவு தப்பானது. முன்னால் ரேடியேட்டர், அதற்கும் முன்னால் ஆயில் கூலர், ஏற்கெனவே கடலூர் வெயிலில் சூடு காட்டுகிற முள் ஏறுகிற இன்ஜின். இதற்கு முன்னால் இன்னொரு சூடான வலையை வைத்தால் இன்ஜின் தாங்காது என்று பயந்தேன். இந்தக் காரில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு, இருக்கைக்குப் பின்னால் தரைக்கு அடியில் ஆளுக்கொரு பெட்டியில் இருக்கும். அதை நான் ஒரே 12 வோல்ட் பேட்டரியாக மாற்றிவிட்டதால் ஒரு பெட்டி காலி. அந்தப் பெட்டியைப் பிடித்து, தரைக்கு அடியில் படுத்த வாக்கில் 10க்கு 14 அங்குலத்தில் ஒரு சின்ன கண்டென்சரைத் தொங்கவிட்டோம், காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிற மாதிரி அதற்கென்றே ஒரு ஃபேன். இன்ஜினுக்குத் தொந்தரவே இல்லை என்று அப்போது எனக்கு அவ்வளவு நிம்மதி.

மாசி மாதம் ராத்திரி ஈசிஆரில் காலாப்பட்டு தாண்டி மரக்காணம் வரைக்கும் போய் வந்தோம், 70 கிலோமீட்டர் வேகம், பிரஷர் 210, உள்ளே குளிர். பெரியம்மா சால்வை கேட்டார். வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

கத்திரி வெயிலில் உண்மை தெரிந்தது. பகல் 1 மணி, புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்தில் சிக்னல். கேஜ் ஹோஸை பானெட் சந்து வழியாக எடுத்து முன்கண்ணாடிக்கு அருகில் கட்டியிருந்தேன், அதனால் எல்லாம் கண்முன்னால் நடந்தது. நிறுத்தியபோது 260. அரை நிமிடத்தில் 300. முள் நிற்காமல் ஏறி 380ஐ நெருங்கியபோது பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரசரை நிறுத்தியது, டக் என்ற சத்தம், உள்ளே வந்துகொண்டிருந்த காற்று அடுத்த நிமிடமே வெந்நீர்ப் பானை மேல் கை வைத்த மாதிரி ஆனது. பக்கத்தில் பெரியம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு, "பரவால்ல கண்ணு, கண்ணாடிய எறக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

மே மாதத்துத் தார் ரோடு 60 டிகிரியைத் தொடும், அதற்கு ஐந்து அங்குலம் மேலே நான் கண்டென்சரைப் படுக்கப் போட்டிருக்கிறேன். ஃபேன் தள்ளுகிற சூடான காற்று ரோட்டில் மோதி, பக்கவாட்டில் பரவி, மறுபடியும் மேலே ஏறி, அதே ஃபேனுக்குள் போகிறது. ஓடும்போது காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும், நின்றால் அதே காற்றுதான் திரும்பத் திரும்பச் சூடாகும். போதாக்குறைக்கு முன்னால் இருக்கிற கம்ப்ரசரிலிருந்து அங்கே போக 4 மீட்டர் ஹோஸ், அதில் பாதி சைலன்சர் குழாயின் சூட்டில். ஐப்பசியில் மழை பிடித்ததும் கழற்றிப் பார்த்தால் ஃபேன் மோட்டாருக்குள் சேறு. கண்டென்சரைப் பிடித்திருந்த இரும்பு ஆங்கிளுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் வெள்ளையாக மாவு மாதிரி படிந்திருந்தது, நகத்தால் சுரண்டினால் அலுமினியம் பொருபொருவென்று உதிர்ந்தது. கடற்கரை ஓர ஊரில் இரும்பும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால், நடுவில் உப்பு ஈரம் புகுந்து அலுமினியத்தைத் தின்றுவிடும். எட்டே மாதத்தில் அந்த அளவு.

தீபாவளி முடிந்ததும் காரை கடலூருக்குக் கொண்டுபோனேன். அங்கே திருப்பாதிரிப்புலியூரில் பஸ், லாரி, கார் என்று 30 வருடமாக ஏசி வேலை பார்க்கிற பாய் ஒருவர் இருக்கிறார். கீழே குனிந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, டீ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நீ எடத்த தேடியிருக்க. காத்த தேடல. காத்து நம்ம சொல்ற எடத்துக்குப் போவாது, சந்து இருக்கிற எடத்துக்குத்தான் போவும்."

சக்கர வளைவுக்குள் வைக்கலாமா என்று கேட்டேன், பழைய போர்ஷே 911 வைத்திருப்பவர்கள் அப்படிச் செய்வதைப் படித்திருந்தேன். அந்தக் காரில் இன்ஜின் பின்னால், அதுவும் காற்றில் குளிர்கிற இன்ஜின், முன்னால் ரேடியேட்டரே கிடையாது. அதனால் கம்பெனியே கண்டென்சரைப் பின்மூடியின் கிரில்லுக்கு அடியில் வைத்தது, இன்ஜினின் பெரிய ஃபேன் எப்படியும் அந்த வழியாகத்தான் காற்றை இழுக்கும். அந்தச் சூடு இன்ஜினுக்குப் போவதைத் தவிர்க்கத்தான் பின்னால் வந்தவர்கள் சக்கர வளைவுக்கு மாற்றிப் பார்த்தார்கள். பாய் பொறுமையாகக் கேட்டார். "அதுல காத்து பின்னால போவுது, பின்னால வச்சான். உன் வண்டியில காத்து எங்க போவுது?" முன்னால் கிரில் வழியாக, ரேடியேட்டருக்குள். பதில் அதிலேயே இருந்தது.

அப்புறம் என் பயத்தையும் அவர்தான் தீர்த்தார். கண்டென்சர் 55, 60 டிகிரியில் இருக்கிறது, ரேடியேட்டர் தண்ணீர் 85, 90 டிகிரியில் இருக்கிறது. 36 டிகிரி வெளிக்காற்று முதலில் கண்டென்சரைக் கடந்தால் 45 ஆகும், அந்த 45க்கும் ரேடியேட்டரின் 90க்கும் நடுவில் இன்னும் அவ்வளவு இடைவெளி இருக்கிறது, ரேடியேட்டர் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். மாற்றி வைத்தால் கண்டென்சருக்கு வருகிற காற்றே கண்டென்சரைவிடச் சூடாக இருக்கும், எதுவும் நடக்காது. ரேடியேட்டர் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கழற்றிக் கொடுத்தேன், 50 வருடத்து உப்புக்கறை, பாதிக் குழாய்கள் அடைத்திருந்தன. புது கோர் போட்டு வாங்கியதும் ஏசி இல்லாமலேயே முள் இறங்கியது. நான் ஏசியைக் குற்றம் சொல்லப் பார்த்த சூடு அதற்கு முன்பே அங்கே இருந்திருக்கிறது.

இனி இடத்தை அளக்கிற வேலை. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் கண்டென்சர் அளவுக்கு வெட்டி, கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இறக்கிப் பார்த்தோம். முதலில் ஆசைப்பட்டது 14க்கு 20 அங்குலம், அது பானெட் பூட்டில் இடித்தது. 12க்கு 18 நின்றது. அட்டை நிற்பதை நம்பி வாங்கக் கூடாது, ஏனென்றால் மேலே குழாய் முனைகளும் ஹோஸ் வளைவும் இருக்கின்றன, பானெட்டின் பூட்டு முளை எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாது. பாய் வீட்டிலிருந்து பிசைந்த கோதுமை மாவு கொஞ்சம் வந்தது. எலுமிச்சை அளவுக்கு நான்கு உருண்டைகள், அட்டையின் மேல்விளிம்பில் வரிசையாக வைத்து, மேலே எண்ணெய் தடவி, பானெட்டை மெதுவாக அமுக்கி மூடித் திறந்தோம். இரண்டு உருண்டைகள் தொடவே இல்லை, ஒன்று பாதியாக நசுங்கியிருந்தது, பூட்டுக்கு நேரே இருந்தது அப்பளம் மாதிரி 4 மில்லிமீட்டருக்குத் தட்டையாகிவிட்டது. அந்த இடத்தில் முனை வந்தால் ஓடும்போது இன்ஜின் ஆட்டத்திலேயே இடித்து ஓட்டை விழும். அதைப் பார்த்துத்தான் குழாய் முனைகள் இரண்டும் பக்கவாட்டில் இருக்கிற கண்டென்சராகத் தேடினோம்.

வாங்கியது பேரலல் ஃப்ளோ வகை, தட்டையான மெல்லிய அலுமினியக் குழாய்கள் குறுக்கே ஓடும். அளவு சிறியது என்பதால் இதில் சமரசம் செய்யவில்லை. பழைய வளைகுழாய் வகையை இதே அளவில் வைத்தால் ஆர்134ஏக்குப் போதாது. உள்ளே வருகிற சூடான கேஸ் மேல் முனையில், வெளியே போகிற திரவம் கீழ் முனையில். திரவம் தானாகக் கீழே இறங்க வேண்டும், தலைகீழாக வைத்தால் அடியில் தேங்கி நின்று கண்டென்சரின் பாதி இடம் வீணாகும்.

ஆயில் கூலர் ஒரு சிக்கல். கம்பெனி அதை ரேடியேட்டருக்கு முன்னால் நிற்க வைத்திருக்கிறது, அப்படியே விட்டால் கண்டென்சருக்கு முன்னால் வந்துவிடும், ஆயிலின் சூடு கண்டென்சரின் காற்றைக் கெடுக்கும். அதை ஏற்கெனவே இருந்த போல்ட்டுகளிலேயே ஒரு தகட்டுப் பட்டை வைத்து பம்பருக்குக் கீழே இறக்கிவிட்டோம், ஹோஸ் மட்டும் புதிது. கண்டென்சருக்கு நான்கு அலுமினியப் பட்டைகள், ரேடியேட்டரைப் பிடிக்கிற போல்ட்டுகளிலேயே சேர்த்து முறுக்கினோம். ஒரு புது ஓட்டைகூடப் போடவில்லை. போன தடவை பார்த்த வெள்ளை மாவை மறக்கவில்லை, அதனால் இரும்பைத் தொடுகிற ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் புஷ், போல்ட்டைச் சுற்றி நைலான் குழாய், இரண்டு பக்கமும் நைலான் வாஷர். ரப்பர் புஷ் இன்ஜின் அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் 15 மில்லிமீட்டர் இடைவெளி.

ஃபேனைக் கண்டென்சருக்கு முன்னால் வைக்கவே கூடாது என்று பாய் சொன்னார், அங்கே வைத்தால் ஓடும்போது வருகிற காற்றை அதுவே மறைக்கும். இன்ஜினோடு சுற்றுகிற பழைய ஃபேனை எடுத்துப் பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, ரேடியேட்டருக்குப் பின்னால் 12 அங்குல எலக்ட்ரிக் ஃபேன், அதைச் சுற்றி ரேடியேட்டர் முழுவதையும் மூடுகிற தகட்டுக் கூடு. கூடு இல்லாவிட்டால் ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே இருக்கிற காற்றை மட்டும் இழுக்கும், நான்கு மூலையும் சும்மா கிடக்கும். ஃபேனைக் கட்டுவதற்கு ரேடியேட்டர் வலைக்குள் பிளாஸ்டிக் டை விட்டு இழுத்துக் கட்டுகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், ஆறு மாதத்தில் ஆட்டத்திலேயே குழாயை அறுத்துவிடும். பழைய 34 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் இந்த ஃபேன், உள் புளோயர், கம்ப்ரசர் கிளட்ச், ஹெட்லைட் எல்லாவற்றையும் சேர்த்துத் தாங்காது, 60 ஆம்பியர் போட்டேன்.

கேஸில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிற டிரையரைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும், அதுவரை மூடியைத் திறக்கக் கூடாது, நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் உள்ளே இருக்கிற ஈரம் உறிஞ்சும் மணிகள் கொஞ்ச நேரத்தில் ஈரத்தைக் குடித்துவிடும். கசிவு பார்க்க நைட்ரஜன் அடித்து ராத்திரி முழுக்க விட்டோம், முள் அசையவில்லை. உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்க ஒரு மணி நேரம் வேக்கம், எடை பார்த்து 600 கிராம் கேஸ்.

ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விட்டோம். 36 டிகிரி வெயில். பிரஷர் 310.

எனக்கு அழுகையே வந்தது. அத்தனையும் சரியாகச் செய்தும் ஏன்? பாய் ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக் கிரில் வழியாகப் பூத்தூவலாக அடித்தார். அரை நிமிடத்தில் 240. "கேஸ் ஜாஸ்தி இல்ல. காத்து பத்தல." அப்படியே உள்ளே போய் ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்து எடுத்து வந்தார்.

அந்த ஊதுபத்தி காட்டியதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிரில்லின் நடுவில் காட்டினால் புகை நேராக உள்ளே போனது, அழகாக. மெல்ல இடது கீழ்மூலைக்கு நகர்த்தினார். அங்கே புகை உள்ளே போகவில்லை. முன்னால் வந்தது. ரேடியேட்டரின் பக்கச் சந்திலிருந்து ஒரு மூச்சு மாதிரி வெளியே வந்து, வளைந்து, கண்டென்சரின் முகத்துக்குத் திரும்பிப் போனது. கையை வைத்துப் பார்த்தேன், கொதித்தது. ஃபேன் இன்ஜின் மேல் தள்ளிய காற்று அங்கே இடமில்லாமல் பக்கச் சந்துகளில் முன்னால் வந்து மறுபடி உள்ளே போகிறது. காரின் அடியில் போன வருடம் நடந்ததுதான், இடம் மட்டும்தான் மாறியிருந்தது.

அன்று சாயங்காலம் முழுக்கச் சந்து அடைத்தோம். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருந்த 15 மில்லிமீட்டரைச் சுற்றி கருப்பு ஸ்பாஞ்ச் ரப்பர். பக்கவாட்டில் 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, அதன் விளிம்பில் கார் கதவுக்குப் போடுகிற பீடிங், அது பாடியில் அமுங்கி உட்கார்ந்தது. மேலே பானெட் மூடினால் அமுங்குகிற மாதிரி ஒரு பட்டை ரப்பர். கீழே ஆயில் கூலருக்காக எடுத்த வழி, அதுதான் பெரிய சந்து, அதற்கு வளைத்த தகடு. மறுபடி ஊதுபத்தி. ஒவ்வொரு மூலையிலும் புகை உள்ளே மட்டும் போகிற வரைக்கும் விடவில்லை, வலது மேல்மூலையில் ஒரு கட்டை விரல் அளவுச் சந்துக்காக மட்டும் அரை மணி நேரம் ஆனது.

மறுநாள் அதே மதியம், அதே 36 டிகிரி, அதே ஐடிலிங்கில் 245. ஒரு கிராம் கேஸ்கூட மாற்றவில்லை.

இந்த வருடக் கத்திரியில் பெரியம்மாவை முன்னால் உட்காரவைத்து மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பினேன், மணி 12:30. ஆல்பேட்டை தாண்டி பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறியபோது 200, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரைக்கும் அப்படியே. மரப்பாலம் சிக்னலில் இரண்டு பச்சை போயும் நகர முடியவில்லை, என் கண் கேஜிலேயே இருந்தது. 230. 250. 265. அதற்கு மேல் போகவில்லை. இன்ஜின் முள் நடுவைத் தாண்டிக் கொஞ்சம் ஏறி நின்றது. உள்ளே வருகிற காற்று நின்றபோது 14 டிகிரி, நகர ஆரம்பித்ததும் 10. பெரியம்மா தூங்கிவிட்டிருந்தார்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கண்டென்சரை வெறும் தண்ணீரில், பிரஷர் பம்ப் இல்லாமல், தோட்டத்து ஹோஸில் மெதுவாகக் கழுவுகிறேன், வீடு கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். கீழ்விளிம்பு ஸ்பாஞ்ச் மட்டும் ஆயில் பட்டு ஊறத் தொடங்கியிருக்கிறது, ஆடி பிறப்பதற்குள் அதை எடுத்துவிட்டு ஆயில் தாங்குகிற நைட்ரைல் ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும்.